நாலு வருஷத்தில் மூன்று ரிப்பேர்: தேன்கனிக்கோட்டை வீடு ஒன்றின் ஹீட்டர் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஓசூர், தேன்கனிக்கோட்டை சுற்று வட்டாரத்தில் வாட்டர் ஹீட்டர், மோட்டார் சர்வீஸ் செய்பவன் நான். இதில் வரும் குடும்பத்தாரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்கள், சரி என்றேன். முன்பு வேலை பார்த்த மெக்கானிக், பிளம்பர் யார் என்பதும் இங்கே தேவையில்லை, அவர்கள் செய்ததை இந்தப் பக்கம் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். விலை எல்லாம் அந்தந்தச் சமயத்தில் அந்த வீட்டில் கொடுத்த தொகை.

பின்னணி

கிருஷ்ணகிரி மாவட்டம் என்றால் வெளியூர்க்காரர்கள் மாங்காயையும் வெயிலையும்தான் நினைப்பார்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் கதையே வேறு. ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற மேட்டு நிலம் இது, தளியை வெள்ளைக்காரர்கள் குட்டி இங்கிலாந்து என்று சொன்னதாக இன்றைக்கும் பேச்சு உண்டு. டிசம்பர், ஜனவரி விடியலில் 13, 14 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். மொட்டை மாடித் தொட்டியில் ராத்திரி முழுக்கக் கிடந்த தண்ணீரைக் காலை ஆறு மணிக்குத் தலையில் ஊற்ற வயதானவர்களால் முடியாது. வெந்நீர் இங்கே வசதி என்பதைத் தாண்டி அவசியமாகிவிடுகிறது.

வீடு தளி போகிற சாலைப் பக்கம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், அவர் மனைவி, இருவர்தான் நிரந்தரம். 2011ல் கட்டியது. கீழே ஒரு குளியலறை, மாடியில் பெங்களூரில் இருக்கும் மகன் வந்தால் தங்குகிற அறையோடு இன்னொன்று. குளிக்கத் துவைக்க 700 அடி போர் தண்ணீர். 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபிறகு குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீர் பிடித்துக்கொள்கிறார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் வந்த திட்டம் அது. ஆனால் ஹீட்டருக்குள் போவது போர் தண்ணீர்தான், உப்பும் சுண்ணாம்பும் நிறைந்த தண்ணீர்.

கீழ்க் குளியலறை ஹீட்டர் 2017 டிசம்பரில் வாங்கியது. 25 லிட்டர், 2 கிலோவாட், விலை 8,400 ரூபாய். 2020 ஜனவரியில் சூடு வரவில்லை, காயில் போய்விட்டது என்று மாற்றினார்கள், 850 ரூபாய். காயிலுக்கு இருந்த இரண்டு வருஷ வாரண்டி அதற்கு முந்தைய மாதம்தான் முடிந்திருந்தது. 2021 நவம்பரில் மறுபடி காயில், கூடவே சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், 1,650 ரூபாய். 2022 டிசம்பரில் ஹீட்டர் பாதியிலேயே நின்று நின்று போனது. வந்தவர் உள்ளே ஏதோ ஒயரை மாற்றி 700 வாங்கிப் போனார், அதன்பிறகு நிற்கவில்லை. அதே வாரம் ஹீட்டருக்கு அடியில் வால்வில் சொட்டுகிறது என்று பிளம்பரைக் கூப்பிட்டு அதையும் நிறுத்தினார்கள். அடுத்த சில மாதத்தில் மிக்சர் குழாய் இரண்டு முறை ஒழுகி, கடைசியில் 1,900 கொடுத்துப் புதிதாக மாற்றினார்கள். ஆக 5,100 ரூபாய், ஹீட்டர் விலையில் பாதிக்கு மேல். ஆசிரியர் எல்லாவற்றையும் ஒரு டைரியில் தேதியோடு எழுதி வைத்திருந்தார், அதனால்தான் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது. ஒரு வரியில்கூட "ஏன் போனது" என்று இல்லை. யாரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

போன் வந்த நாள்

2023 டிசம்பர் 18, மார்கழி இரண்டாம் தேதி. மகள் பிரசவத்துக்கு வந்து, குழந்தைக்கு நாற்பது நாள் ஆகியிருந்தது. காலை ஆறேகாலுக்குப் போன்.

"தம்பி, குழாயைத் தொட்டா சுர்ருங்குது. லேசாத்தான். நீங்க இந்தப் பக்கம் வர்றப்ப ஒரு எட்டு பாத்துட்டுப் போறீங்களா?"

"சார், முதல்ல மெயினை இறக்குங்க. சுவிட்சை மட்டும் அணைச்சா பத்தாது. நான் வர்ற வரைக்கும் யாரும் அந்தப் பாத்ரூமுக்குள்ள போகாதீங்க, குழந்தையைக் குளிப்பாட்டவும் வேண்டாம்."

சுவிட்ச் போதாது என்றதற்குக் காரணம் உண்டு. பழைய வயரிங்கில் சில இடத்தில் சுவிட்சைக் கரண்ட் வருகிற ஒயரில் போடாமல், அது திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயரில் போட்டிருப்பார்கள், அணைத்தாலும் ஹீட்டருக்குள் கரண்ட் நிற்கும். மெயினை இறக்கிவிட்டால் அந்தச் சந்தேகமே இல்லை. ஏழே முக்காலுக்கு நான் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

கண்ணில் பட்டவை

முதலில் எர்த். பிளக் பாயிண்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 38 வோல்ட் காட்டியது. ஒழுங்கான எர்த் இருந்தால் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. வீட்டுக்குப் பின்னால் எர்த் குழிக்குப் போய் மூடியைத் தூக்கினால் உள்ளே காய்ந்த மண், எறும்புப் புற்று. செம்புக் கம்பியைப் பிடித்து லேசாக இழுத்தேன், பச்சை பூத்துப் போயிருந்த முனை கையோடு வந்துவிட்டது. எத்தனை வருஷமாக அந்த வீட்டுக்கு எர்த்தே இல்லாமல் இருந்ததோ.

ஹீட்டர் காயிலை மெகர் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்ததில் 0.04 மெகாஓம். அதாவது காயிலின் மேலுறை வெடித்து உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது, அந்த வழியாகத் தொட்டிக்கும் குழாய்த் தண்ணீருக்கும் மின்சாரம் கசிகிறது. எர்த் இருந்திருந்தால் அது வழியே போயிருக்கும். இல்லாததால் குழாயைத் தொடுகிறவர் உடம்பு வழியே போகப் பார்த்தது. ஹீட்டருக்கு 16 ஆம்பியர் எம்சிபி, அளவுக்கு மீறிக் கரண்ட் பாய்ந்தால் விழுகிற சுவிட்ச், இருந்தது. எம்சிபி இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருப்பார்கள், ஆனால் மனிதனைக் கொல்ல மில்லி ஆம்பியர் கணக்கில் பாய்ந்தாலே போதும், 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. அதற்கென்று உள்ளது, கரண்ட் கசிந்தாலே விழுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. அது இந்த வீட்டில் இல்லை.

அப்புறம் ஹீட்டருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். சேஃப்டி வால்வின் சொட்டு வாயில் சாம்பல் நிற பிவிசி பிளக் ஒன்று, டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கித் திருகியிருந்தது. என் கை அப்படியே நின்றுவிட்டது.

சொட்டு ஏன் வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். 18 டிகிரி தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அது விரியும், 25 லிட்டருக்கு ஏறக்குறைய 400 மில்லி, இரண்டு பெரிய டம்ளர். இப்போது வரும் வால்வுகளில் தண்ணீர் திரும்பிப் போகாத மாதிரி தடுப்பும் சேர்ந்தே இருப்பதால், விரிந்த தண்ணீர் மேல் தொட்டிக்குத் திரும்ப முடியாது. குழாயும் மூடியிருந்தால் அழுத்தம் ஏறி, வால்வு கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டி அதை வெளியே விடும். சொட்டினால் வால்வு வேலை செய்கிறது என்று அர்த்தம். அதை அடைத்ததும் அந்த அழுத்தம் வேறு வழி தேடியது, மிக்சர் குழாயின் வாஷரைத் தின்றது. குழாய் இரண்டு முறை ஒழுகியதற்கும் 1,900 ரூபாய் செலவுக்கும் காரணம் அந்தச் சின்ன பிளக்தான்.

ஹீட்டரின் அடி மூடியைக் கழற்றினேன். கட்-அவுட்டுக்குப் போகிற இரண்டு ஒயரையும் பிடுங்கி, ஒன்றோடு ஒன்று முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப் உருகிப் பிசுபிசு என்று விரலில் ஒட்டியது. இதைத்தான் தொழிலில் "டைரக்ட் பண்றது" என்போம். சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய சாதனத்தையே வெட்டிவிட்டிருக்கிறார்கள். 2022ல் ஹீட்டர் நின்று நின்று போனதற்கு அந்தக் கட்-அவுட் தன் வேலையைச் செய்ததுதான் காரணம்.

அதாவது ஒரு வருஷமாக அந்தத் தொட்டிக்கு வால்வும் இல்லை, கட்-அவுட்டும் இல்லை. ஒரே ஒரு தெர்மோஸ்டாட்டை நம்பி ஓடியிருக்கிறது. தெர்மோஸ்டாட் அணையாமல் ஒட்டிக்கொள்வது அபூர்வம் ஒன்றும் இல்லை, மாதத்துக்கு ஒன்றிரண்டாவது என் கைக்கு வருகிறது. அப்படி ஒட்டியிருந்தால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் அழுத்தத்தில் திரவமாகவே இருக்கும். தொட்டி விரிசல் விட்ட நொடியில் அதில் ஒரு பகுதி நீராவியாகச் சீறும். குளியலறைச் சுவரே நிற்காது.

காயிலை வெளியே எடுக்கவே அரை மணி நேரம் ஆனது, வாய் வழியாக வரவில்லை. வந்தபோது அது காயில் மாதிரியே இல்லை, வெள்ளையும் பழுப்புமாகச் சுண்ணாம்புக் கட்டி. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டினால் முட்டை ஓடு மாதிரி பொறுக்குப் பொறுக்காக விழுந்தது, ஒரு பொறுக்கு நாலு மில்லிமீட்டர் தடிமன். தொட்டி அடியில் இருந்து கையால் அள்ளியதே ஒன்றரைக் கிலோ. இரண்டு வருஷத்தில் சேர்ந்தது அவ்வளவு. மெக்னீசியம் ராடு இருந்த இடத்தில் துருப்பிடித்த கம்பி மட்டும் மிச்சம். தொட்டியின் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கத் தானே கரைகிற ராடு அது, கரைந்து முடிந்தபின் துரு தொட்டியைத் தேடிப் போகும். ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட அந்த ராடை யாரும் கவனித்ததில்லை.

தண்ணீரின் கடினத்தன்மையை அளந்தேன், லிட்டருக்கு 640 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 200, வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை. இங்கே ஒன்று சொல்ல வேண்டும், பேனா மாதிரி இருக்கிற டிடிஎஸ் மீட்டரை முக்கிக் காட்டி "தண்ணி சரியில்லை" என்று சொல்கிறவர்கள் நிறைய, அது மொத்த உப்பைத்தான் காட்டும், சுண்ணாம்பு எவ்வளவு என்று காட்டாது. ஹீட்டருக்கு வேண்டியது கடினத்தன்மை அளவு.

எல்லாவற்றையும் முற்றத்தில் செய்தித்தாள் விரித்து வைத்துக் காட்டிக்கொண்டிருந்தபோது ஆசிரியரின் மனைவி சொன்னார், "ரெண்டு வருஷமாவே போட்டா உலை கொதிக்கிற மாதிரி சத்தம் வரும் தம்பி. வந்தவங்க கிட்டல்லாம் சொன்னேன், பழசானா அப்படித்தான்னாங்க." அந்தச் சத்தம்தான் முதல் அறிகுறி. சுண்ணாம்புப் பொறுக்குக்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர் கொதித்து வெடிக்கிற சத்தம். சுண்ணாம்பு மூடினால் காயிலின் சூடு தண்ணீருக்குப் போகாது, காயில் தானே வெந்து வெடிக்கும். அந்தச் சூடுதான் கட்-அவுட்டையும் தட்டிவிட்டது. மூன்று ரிப்பேருக்கும் ஒரே காரணம், அதை வீட்டில் ஒருவர் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

என்ன முடிவெடுத்தோம், ஏன்

ஆசிரியர் ரிப்பேர் செய்யத்தான் சொன்னார். பென்ஷன் வருமானம், ஏற்கெனவே 5,100 போட்டாகிவிட்டது, அதைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. நான் கணக்குப் போட்டேன். காயில் 950, தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் 650, மெக்னீசியம் ராடு 450, வால்வு 450, கேஸ்கெட் 120, சுண்ணாம்பு எடுத்துச் சுத்தம் செய்யக் கூலி 900. மொத்தம் 3,520. புதியது வாங்குவதில் மூன்றில் ஒரு பங்குதான், பார்க்க லாபமாகத் தெரியும்.

நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் தொட்டி. உள்ளே டார்ச் அடித்து அவரையே பார்க்கச் சொன்னேன். காயில் வாய்க்குப் பக்கத்தில் கண்ணாடிப் பூச்சு உரிந்து, ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் துரு பூத்திருந்தது. காயில், தெர்மோஸ்டாட், வால்வு எதையும் மாற்றலாம், தொட்டியை மாற்ற முடியாது. இன்னும் ஒழுகவில்லை என்பது உண்மை. ஆறு மாதம் வருமா இரண்டு வருஷம் வருமா என்று யாராலும் சொல்ல முடியாது, ஒழுக ஆரம்பித்தால் அந்த 3,520 அன்றைக்கே வீண். தொட்டி நன்றாக இருந்திருந்தால் நானே ரிப்பேர் செய்யச் சொல்லியிருப்பேன். ஒருமுறை ஓசூரில் எட்டு வருஷத்து ஹீட்டரை அப்படித்தான் ஓட வைத்தேன், அங்கே ராடை ஒழுங்காக மாற்றி வந்திருந்தார்கள்.

வேறு வழிகளும் பேசினோம். சோலார் போடலாமா என்று மகள் கேட்டார். மார்கழிப் பனி மூட்டத்தில் வெந்நீர் மிகவும் தேவைப்படுகிற நாளில்தான் அது குறைவாகக் கொடுக்கும், இந்தத் தண்ணீரில் குழாயும் அடைக்கும், தவிர அந்த மாதம் அவ்வளவு பணம் இல்லை. கேஸ் ஹீட்டரை நானே வேண்டாம் என்றேன். அந்தக் குளியலறைக்கு ஒரு சாண் ஜன்னல்தான், புகை போக்கி இல்லாத மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாசனைகூட வராது. தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் முப்பதாயிரத்துக்கு மேல், இருவருக்கு அது அதிகம். பரணில் இருந்த இம்மர்ஷன் ராடை இடைக்காலத்துக்கு ஆசிரியர் எடுக்கப் போனார், எர்த் இல்லாத வீட்டில் அது வேண்டவே வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். புது ஹீட்டர் மாட்டும் வரை மூன்று நாளும் கொல்லையில் அண்டா வைத்துத் தைல மரக் கட்டையில்தான் வெந்நீர். குழந்தைக்கும் அதுதான், அந்த அம்மா நாலு மணிக்கே எழுந்து பற்ற வைத்தார்.

ஹீட்டருக்கு முன்னால் எர்த்தும் ஆர்சிசிபியும் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். எர்த் இல்லாமல் புது ஹீட்டர் மாட்ட மாட்டேன் என்றே சொல்லிவிட்டேன். கடுமையாகப் பேசிவிட்டேனோ என்று அப்போது தோன்றியது, இன்று அப்படித் தோன்றவில்லை.

செலவு

25 லிட்டர் புது ஹீட்டர், வால்வோடு சேர்த்து 10,900. புது எர்த் குழி 3,400. ஆர்சிசிபி 2,100. மாட்டும் கூலி 700. ஹோஸ், குழாய்த் துண்டுகள் 480. மொத்தம் 17,580 ரூபாய். இதில் 5,500 எர்த்துக்கும் ஆர்சிசிபிக்கும், அது 2011லேயே ஆகியிருக்க வேண்டிய செலவு.

15 லிட்டர் போதாதா என்று ஆசிரியர் கேட்டார். 60 டிகிரியில் 15 லிட்டர் வெந்நீரைக் குளிர்ந்த தண்ணீரோடு கலந்தால் குளிக்கிற சூட்டில் ஏறக்குறைய 28 லிட்டர் வரும், ஒன்றரை பக்கெட். 25 லிட்டர் என்றால் 47 லிட்டர், இரண்டரை பக்கெட். மகளும் குழந்தையும் இருக்கிற வீட்டில் 25தான் சரி. ஒருமுறை முழுக்கச் சூடாக்க 1.2 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே ஆகும், 35-40 நிமிடம்.

சூட்டை 60 டிகிரியில் நிறுத்தி வைத்தேன். பழையதில் 75ல் இருந்தது. சூடு ஏற ஏறச் சுண்ணாம்பு வேகமாகப் படியும். வால்வின் சொட்டு வாயில் ஒரு மெல்லிய குழாயை மாட்டி வடிகாலுக்கு விட்டேன், சொட்டுவது கண்ணில் படாவிட்டால் அடைக்கவும் தோன்றாது.

பிறகு நடந்தது

புது எர்த்தில் நியூட்ரல்-எர்த் வோல்ட் ஒன்றரைக்கு வந்தது. சத்தம் இல்லை, சொட்டு மட்டும் உண்டு, அது ஏன் என்று இப்போது அந்த அம்மா அக்கம்பக்கத்துக்கும் சொல்கிறார்.

2024 பொங்கலுக்கு மகன் வந்தார். காலையில் மாடிக் குளியலறை ஹீட்டரைப் போட்டதும் ஆர்சிசிபி விழுந்து வீடே இருட்டு. தூக்கினால் மறுபடி விழுந்தது. "புதுசா போட்டதுதான் கோளாறு, கழட்டி விடலாம்பா" என்று மகன் சொல்ல, ஆசிரியர் ஒத்துக்கொள்ளாமல் எனக்குப் போன் செய்தார். பொங்கலன்று பத்து மணிக்குப் போனேன். மாடி ஹீட்டரின் காயிலும் வெடித்திருந்தது. குனிந்து அடியில் பார்த்தால் அதே சாம்பல் நிற பிளக், அதே டெஃப்லான் டேப். 2022ல் வந்த பிளம்பர் ஒரே நாளில் இரண்டையும் அடைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தத் தொட்டி அதிகம் ஓடாததால் நன்றாகவே இருந்தது. காயிலும் ராடும் மாற்றி, பிளக்கை எடுத்து 2,300 ரூபாயில் முடிந்தது.

2024 நவம்பரில், குளிர் தொடங்கும் முன், சொன்னபடி கீழ் ஹீட்டரைத் திறந்தேன். காயிலில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான படிவு, துணியால் துடைத்து எடுக்க முடிந்தது. மெக்னீசியம் ராடு பாதி கரைந்திருந்தது. கூலி 800.

நான் மாற்றிச் செய்திருக்க வேண்டியது

முதல் நாளே மாடி ஏறியிருக்க வேண்டும். கீழே அந்த பிளக்கைப் பார்த்த நிமிடமே, இதைச் செய்தவர் இந்த வீட்டில் வேறு எதைத் தொட்டார் என்று கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவர்கள் மாடியைப் பற்றிச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டிசம்பர் 18க்கும் பொங்கலுக்கும் நடுவே நாலு வாரம், அடைத்த வால்வோடு அந்தத் தொட்டி அங்கே இருந்தது. ஆர்சிசிபி போட்டிராவிட்டால் மகன் அன்று காலை குழாயைத் தொட்டிருப்பார். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் எத்தனை ஹீட்டர் என்பதுதான் என் முதல் கேள்வி.

ராடு ஒரு வருஷத்தில் பாதி கரையும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்தத் தண்ணீருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும் என்று வாங்கும்போதே அந்தச் செலவையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். விலை சொல்லும்போது வருஷச் செலவைச் சொல்லாமல் விட்டது என் தவறு.

2025 நவம்பரில் ராடு மாற்ற வேண்டும் என்று ஆசிரியர் டைரியில் எழுதிக்கொண்டார். ஹீட்டர் மூடியின் உள்பக்கமும் மார்க்கரில் அதே தேதியை எழுதிவிட்டு வந்தேன், அடுத்து அதைத் திறப்பவர் நானாக இல்லாவிட்டாலும் கண்ணில் படட்டும் என்று.